வெள்ளி ரூபாய் ஆசிட்டில் கழுவியதா, எப்படித் தெரிந்துகொள்வது? அவசரம்

தெப்பக்குளத்தான்:
வணக்கம். ஆச்சி வைத்திருந்த வெள்ளி ரூபாய் ஒன்று என்னிடம் இருக்கிறது. ஜார்ஜ் ராஜா காசு. விற்கலாம் என்று ஒருவரிடம் காட்டினேன். கையில் வாங்கியதுமே "இது கெமிக்கலில் கழுவின காசு, வெள்ளி விலைக்குத்தான் எடுப்பேன்" என்கிறார். உண்மையா, விலையைக் குறைப்பதற்காக அப்படிச் சொல்கிறாரா? நாளை சாயங்காலம் மறுபடி வருவார். படம் போட்டிருக்கிறேன். சீக்கிரம் சொல்லுங்கள்.

கீழவாசல்:
எந்த ஜார்ஜ்? எந்த வருடம்? படத்தில் ட்யூப்லைட் வெளிச்சம்தான் தெரிகிறது, காசு தெரியவில்லை. பின்பக்கமும் போடுங்கள்.

மணி_சேலம்:
காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் நல்ல காசு. அப்புறம் நகைக்கடையில் கேரட் மீட்டரில் வைத்தால் எல்லாம் தெரிந்துவிடும்.

கீழவாசல்:
காந்தம் சில போலிகளைக் காட்டிக்கொடுக்கும், அவ்வளவுதான். கேரட் மீட்டர் எத்தனை சதவீதம் வெள்ளி என்று சொல்லும். கழுவினார்களா என்பதை இரண்டுமே சொல்லாது.

நாணயப்பெட்டி:
இந்தக் கேள்விக்கு இங்கே பலமுறை பதில் எழுதியாகிவிட்டது. பழைய இழைகளைப் படித்துவிட்டு வரும் பொறுமை யாருக்கும் இல்லை. வருடம் தெரியாமல், எடை போடாமல், ட்யூப்லைட்டுக்கு அடியில் ஒரே ஒரு படம் எடுத்துவிட்டு "அவசரம்" என்றால் என்ன செய்வது? காசு சேர்ப்பது என்றால் முதலில் காசைப் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

பட்டறை வீடு:
விடுங்க சார், வீட்டுக் காசைத்தானே கேட்கிறார். தம்பி, ராஜாவுக்குத் தாடி இருக்கிறதா? விளிம்பில், கிரீடத்துக்கு நேர் மேலே, அரம் போட்ட தடம் உண்டா? காசுமாலைக்காகக் கொக்கி வைத்துப் பற்றாசு போட்டு ஒட்டியிருப்பார்கள். அதை எடுக்கும்போது காசைச் சூடாக்கித் திராவகத்தில் போடுவோம். மேலே இருக்கிற செம்பு கரைந்து, வெள்ளைவெளேர் என்று வரும். எங்கள் அப்பா காலத்தில் இது வாரம் நாலு வரும். காசு பாழாகிறது என்று அப்போது யாரும் நினைத்ததில்லை.

தெப்பக்குளத்தான்:
தாடி இருக்கிறது. 1918. கொக்கித் தடம் எதுவும் இல்லை. எடை போடவில்லை. பளிச்சென்று இருக்கிறது, அதுவே நல்லதுதானே?

கீழவாசல்:
அந்தப் பளிச்சில்தான் சந்தேகமே. தாடி இருந்தால் ஐந்தாம் ஜார்ஜ். அங்கியில் ஒரு சங்கிலி தொங்கும், அதில் குட்டி யானை இருக்கும். யானை தெளிவாகத் தெரிகிறதா, மழுங்கிவிட்டதா? மழுங்கியிருந்தால் காசு பல கைகள் மாறியிருக்கிறது. அப்படி ஓடிய காசு மேடான இடத்தில் வெளுத்தும், எழுத்துகளின் இடுக்கிலும் இலைக்கொடியின் பள்ளத்திலும் கறுத்தும் இருக்க வேண்டும். தேய்ந்த காசு பள்ளத்திலும் வெள்ளையாக இருந்தால் அந்தக் கறுப்பை யாரோ எடுத்திருக்கிறார்கள்.

மணி_சேலம்:
அந்த யானையைப் பன்றி என்று சொல்லித்தானே காசைத் திரும்ப வாங்கினார்கள்? அப்படியென்றால் இது அரிய காசு! விற்காதீர்கள்.

நாணயப்பெட்டி:
அது 1911. தும்பிக்கை குட்டையாக இருந்ததால் பன்றி மாதிரி தெரிகிறது என்று எதிர்ப்பு வந்தது. பெரும்பகுதியை உருக்கிவிட்டு, 1912இல் தும்பிக்கையைத் திருத்தி வெளியிட்டார்கள். இவருடையது 1918, மிகச் சாதாரண வருடம். தெரியாமல் ஆசை காட்டாதீர்கள்.

ராசி:
ஜார்ஜ் காசில் பாதிதான் வெள்ளி என்று எங்கள் ஊர் அடகுக்கடையில் சொன்னார்கள். அந்தக் கணக்கில் அவர் சொன்ன விலையே அதிகம்.

பட்டறை வீடு:
அது தாடி இல்லாத ஆறாம் ஜார்ஜ் அம்மா, அதுவும் 1940 முதல் வந்தது. பாதி வெள்ளி, மீதியில் செம்பு 40, நிக்கல் 5, துத்தநாகம் 5. இவர் காசு ஒரு தோலா எடை, 11.66 கிராம். நூற்றுக்கு 91.7 வெள்ளி. சுத்த வெள்ளி மட்டும் 10.69 கிராம் வர வேண்டும்.

ராசி:
அடகுக்கடையில் எல்லா ஜார்ஜையும் ஒரே விலையில்தான் எடுக்கிறார்கள். எத்தனை பேர் ஏமாந்திருப்போம்!

கீழவாசல்:
அதற்குத் தனி இழை போடுங்கள், நானும் எழுதுகிறேன். இப்போது இவருடைய காசு.

தெப்பக்குளத்தான், ராத்திரி ட்யூப்லைட்டை அணைத்துவிட்டு ஒரே ஒரு குண்டு பல்பு போடுங்கள். காசை ஓரத்தில் பிடித்து மெல்லச் சாய்த்துச் சுழற்றுங்கள். அச்சடிக்கும்போது வெள்ளி நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடும், அந்த ஓட்டத்தின் நுண்வரிகள் மேல்பரப்பில் நிற்கும். கழுவாத புதுக் காசில் ஒளி சைக்கிள் சக்கரத்தின் கம்பி போலச் சுற்றிவரும். ஓடிய காசில் எழுத்துகளுக்கு நடுவே மட்டும் கொஞ்சம் மிஞ்சும். தையோயூரியா கலந்த டிப்பில், அதாவது வெள்ளியின் கறுப்பை எடுக்கும் திரவத்தில், அதிக நேரம் போட்டால் அந்த வரிகளே கரைந்துவிடும். காசு வெள்ளையாக இருக்கும், ஆனால் ஒளி நகராது, சுண்ணாம்பு அடித்த சுவர் போல நிற்கும். டிப்பைச் சரியாக அலசாமல் விட்டால் பிற்பாடு மஞ்சளும் பழுப்புமாகத் திட்டு விழும்.

இன்னொன்று, பூதக்கண்ணாடியில் ராஜாவின் கன்னத்தையும், படமோ எழுத்தோ இல்லாத வெற்றிடத்தையும் பாருங்கள். மயிர்க்கோடுகள் ஒரே பக்கமாகவோ வட்டமாகவோ கூட்டமாக ஓடினால் தேய்த்திருக்கிறார்கள். கைமாறி விழுந்த கீறல் தாறுமாறாக, ஒன்று ஆழமாக ஒன்று லேசாக இருக்கும். திராவகம் கோடு போடாது. துணியும் பொடியும்தான் போடும்.

ராசி:
நாங்கள் பூஜைச் சாமான் எல்லாம் விபூதி போட்டுத்தான் தேய்க்கிறோம். வெள்ளிக்கு அது ஒன்றும் செய்யாது.

பட்டறை வீடு:
குத்துவிளக்குக்கும் தட்டுக்கும் சரி. காசுக்கு வேண்டாம். நைசான சாம்பல்கூட கோடு இழுக்கும். பூந்திக்கொட்டைத் தண்ணீர் என்றால் ஒன்றும் ஆகாது.

நாணயப்பெட்டி:
பூந்திக்கொட்டையும் வேண்டாம், புளியும் வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கோ பிளாஸ்டிக் உறையின் பச்சை ஒட்டலோ இருந்தால் சுத்தமான அசிட்டோனில் நனைத்து எடுக்கலாம், வெள்ளியை அது தொடாது. நெயில் பாலிஷ் ரிமூவர் அல்ல. தேய்க்கவே கூடாது. 1918இல் தேய்ந்த காசு என்றால், கழுவாவிட்டாலும் வெள்ளி விலைக்கு மேல் கொஞ்சம்தான் கிடைக்கும். அந்தக் கொஞ்சத்துக்காக வருபவரோடு சண்டை போட வேண்டாம். எடையைப் போட்டு, அன்றைய வெள்ளி விலையில் சரியாகக் கணக்குப் பார்த்தாலே போதும்.

தெப்பக்குளத்தான்:
பல்பு போட்டுப் பார்த்தேன். ஒளி சுற்றவில்லை. யானைக்கு முதுகு மட்டும் தெரிகிறது. கன்னம் முழுக்க வட்ட வட்டமாகக் கோடு. எழுத்துகளின் இடுக்கில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. ஈர்க்குச்சியால் லேசாகத் தொட்டதும் பொடியாக உதிர்ந்தது, விபூதி வாசம். ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் ஆச்சி இதைத் தேய்த்துச் சாமிப் படத்துக்கு முன்னால் வைப்பார் என்று அம்மா இப்போதுதான் சொன்னார். எடை 11.5. அவரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எல்லோருக்கும் நன்றி.

கீழவாசல்:
நல்லது. இனித் தேய்க்காதீர்கள், காகித உறையில் போட்டு வையுங்கள். பின்பக்கம் கீழே தாமரைக்கு அடியில் சின்னப் புள்ளி இருக்கிறதா? இருந்தால் பம்பாய் அச்சு, இல்லாவிட்டால் கல்கத்தா.

மணி_சேலம்:
என்னிடமும் ஒரு 1911 இருக்கிறது. படம் நாளை போடுகிறேன்.