மறுமொழி: தொலைபேசி நிறுவனம் தனக்கே வைத்துக்கொள்ளும் இணைப்பு – தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம். தொலைபேசி நிறுவனம் தன் சொந்த வேலைக்கு வைத்துக்கொள்ளும் இணைப்பை ஆங்கிலத்தில் 'அட்மினிஸ்ட்ரேட்டிவ் லைன்' என்பார்கள். அதற்கும், அரசு ஆணையத்துக்கு நிறுவனம் கட்டும் கட்டணத்திலிருந்து அதற்குக் கிடைக்கும் விலக்குக்கும் தமிழில் என்ன சொல்வது என்று பேசிக்கொண்டிருந்தோம். ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்:

> அட்மினிஸ்ட்ரேட்டிவ் லைன் என்றால் 'நிர்வாக இணைப்பு'. இதற்கு ஏன் இவ்வளவு யோசனை?

ஐயா, யோசிக்கத்தான் வேண்டும் என்று நினைக்கிறேன். அமெரிக்கத் தொலைபேசி நிறுவனம் ஒன்றில் இந்த இணைப்புகள் எங்கெங்கே இருக்கும் என்று பாருங்கள். பழுது சொல்ல 611-ஐ அழைத்தால் எடுப்பவரின் மேசையில் ஒன்று. பில் தகராறு கேட்கும் அலுவலகத்தில் சில. எக்ஸ்சேஞ்சுக்குள் கேபிள் கட்டுகளுக்கு நடுவே, வேலை பார்ப்பவர் நின்றபடி பேசச் சுவரில் ஒன்று. அந்தச் சுவர் போனை 'நிர்வாக இணைப்பு' என்றால் யாருக்குப் புரியும்? மேலாளர் அறைப் போன் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

அங்கே இதற்கு 'அஃபிஷியல்' என்ற பெயரும் உண்டு. அமெரிக்காவின் பெரிய தொலைபேசி நிறுவனமான ஏடி அண்ட் டி 1984 ஜனவரி 1 அன்று பிரிந்தது; அதையொட்டி, அதிலிருந்து பிரியும் வட்டார பெல் நிறுவனங்கள் தங்கள் சொந்த வேலைக்கான இந்த 'அஃபிஷியல்' உள் வலையமைப்பைத் தாங்களே வைத்துக்கொள்ளலாமா என்பது நீதிமன்றம் வரை போனது. வைத்துக்கொள்ளலாம் என்றார் நீதிபதி ஹெரால்டு கிரீன். அந்த 'அஃபிஷியல்' என்ற பெயரை 'அதிகாரப்பூர்வ இணைப்பு' என்று மொழிபெயர்த்தால் பொருளே மாறிவிடும். அரசு கொடுத்த இணைப்பு போலத் தொனிக்கும்.

யாருடைய பயன்பாடு என்பதுதான் இங்கே முக்கியம். கட்டண விலக்கும் அதைப் பொறுத்ததுதான்.

1993-இல் அமெரிக்க நாடாளுமன்றம், தொலைபேசி நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் தொலைத்தொடர்பு ஆணையத்துக்கு (எஃப்.சி.சி.) அவை கட்ட வேண்டிய கட்டணத்தைச் சட்டமாக்கியபோது, உள்ளூர்த் தொலைபேசி நிறுவனங்களுக்கு 1,000 இணைப்புக்கு 60 டாலர் என்று வைத்தது. தலையை எண்ணுகிற முறை இது. அப்படி எண்ணும்போது நிறுவனத்தின் சொந்தப் போனும் ஒரு தலையா என்ற கேள்வி வரும்; வேண்டாம் என்றால் விலக்கு என்று தனியே எழுத வேண்டும். பின்னால் வருவாயை வைத்துக் கணக்கிடும் முறைக்கு மாறினார்கள். தனக்குத் தானே பில் போடாத இணைப்பில் வருவாய் ஏது? அங்கே விலக்கே தேவையில்லை, அது கணக்கில் சேராது, அவ்வளவுதான். ஆகவே மொழிபெயர்ப்பவர் 'விலக்கு' என்று போடும் முன், எண்ணுவது இணைப்பையா பணத்தையா என்று பார்த்துவிட வேண்டும்.

'வரிவிலக்கு' என்று போன மடலில் ஒருவர் எழுதியிருந்தார். இது வரி இல்லை. வெறுமனே 'கட்டண விலக்கு' என்றாலும் குழப்பம்தான். வீட்டு பில்லில் மாதம் 6.50 டாலர் வரை வரும் சப்ஸ்கிரைபர் லைன் சார்ஜ் (இணைப்புக்கான மாதக் கட்டணம்) இருக்கிறதே, ஆணையத்தின் பெயரோடு அச்சாகும், ஆனால் பணம் நிறுவனத்துக்கே போகும். அதையும் இதையும் ஒன்றென்று நினைத்துவிடுவார்கள். அதனால் 'ஆணையக் கட்டணம்' என்றே வைத்துக்கொள்வோம். 'ஒழுங்குமுறைக் கட்டணம்' தவறில்லை, ஆனால் யாருக்குக் கட்டுவது என்பதை அது சொல்லவில்லை.

சரி, இணைப்புக்கு வருவோம். முதலில் 'தற்பயன் இணைப்பு' என்று எழுதிப் பார்த்தேன். தற்காப்பு, தற்சார்பு போல இலக்கணம் சரியாக உட்காருகிறது. ஆனால் வேகமாகப் படிப்பவர் கண்ணில் 'தற்காலிக இணைப்பு' என்று படும், தொலைபேசியில் அதுவும் உண்மையிலேயே இருக்கும் ஒன்று. அதனால் 'தன்பயன் இணைப்பு' என்று புணர்ச்சியை விட்டுவிடலாம். செல்ஃபியைத் 'தன்படம்' என்று அப்படித்தானே எழுதுகிறார்கள்?

இணைப்பை எண்ணும் முறைக்கான வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: "நிறுவனத்தின் தன்பயன் இணைப்புகளுக்கு ஆணையக் கட்டணத்திலிருந்து விலக்கு உண்டு." வாய்விட்டுப் படித்தேன், தடுக்கவில்லை.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் தீரவில்லை. ஊழியர் வீட்டுக்கு நிறுவனம் சலுகையாகக் கொடுக்கும் போன் இதில் சேருமா? பேசுவது ஊழியரின் குடும்பம், எனவே தன்பயன் ஆகாது என்பது என் கருத்து. எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவர்கள் குழுவில் இருக்கிறீர்கள், நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அன்புடன்.