காசு கொடுக்காத வள்ளலை எப்படிப் பாராட்டுவது?

வணக்கம் நண்பர்களே, ஒரு சொல்லுக்காக உங்கள் உதவி தேவை. பணி ஓய்வு பெறும் ஒருவருக்குப் பாராட்டு மடல் எழுத வேண்டும். பணத்தை அள்ளிக் கொடுத்தவர் இல்லை, ஆனால் தமக்குத் தெரிந்த வேலையையும் தம்முடைய நேரத்தையும் யார் கேட்டாலும் முகம் சுளிக்காமல் கொடுத்தவர்.

'வள்ளல்' என்று போட்டால் கிண்டலாகிவிடும் (இப்போதெல்லாம் கஞ்சனைத்தானே அப்படிக் கூப்பிடுகிறோம்). 'தாராள மனசு' பரவாயில்லை, என்ன, கொஞ்சம் செலவாளி வாடை அடிக்கிறது. 'பெருந்தன்மை' என்றால் யாரையோ மன்னித்துவிட்ட மாதிரி இருக்கிறது. 'ஈகை' இன்னும் சிக்கல்: வறியவருக்குக் கொடுப்பதுதான் ஈகை, மற்றதெல்லாம் திரும்ப எதிர்பார்த்துக் கொடுப்பது என்று குறளே சொல்லிவிட்டது. தொல்காப்பியம் வேறு, 'ஈ' என்று கேட்பவன் தாழ்ந்தவன், 'தா' என்பவன் சமமானவன், 'கொடு' என்பவன் உயர்ந்தவன் என்று பிரித்து வைத்திருக்கிறது, அவரிடம் நாங்கள் கேட்டதெல்லாம் 'தா' வகைதான்.

குறளில் ஈகைக்கு முந்தைய அதிகாரத்தில் வரும் 'ஒப்புரவு' (கைம்மாறு பாராமல் ஊருக்கு உதவி வாழ்வது) பொருளில் ரொம்ப நெருக்கம். ஆனால் மேடையில் வாசித்தால் எத்தனை பேருக்குப் புரியும்? கஞ்சத்தனத்துக்கு மட்டும் கருமி, உலோபி, எச்சில் கையால் காக்கா ஓட்டாதவன் என்று வண்டி வண்டியாக வைத்திருக்கிறோம்!

'கொடையுள்ளம்' போடலாமா, இல்லை அது ரத்ததான முகாம் போஸ்டர் மாதிரி இருக்குமா? உங்கள் பேச்சுவழக்கில் வேறு சொல் இருந்தாலும் சொல்லுங்கள், ஒற்றைச் சொல்லாகத்தான் வேண்டும் என்றில்லை, நல்ல வாக்கியம் கிடைத்தாலும் சரி. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.