சிவப்பு மெழுகுவர்த்தி சாயம்: வெள்ளைப் புடவை, தேக்கு மேஜை, கடப்பா கல். எப்படி எடுப்பது?

முத்தியால்பேட்டை_மருமகள்:
கிறிஸ்துமஸ் இரவு மாதா படத்துக்கு முன்னால் ஏற்றி வைத்த தடிமனான சிவப்பு மெழுகுவர்த்தி கடல் காற்றில் சாய்ந்துவிட்டது. கடப்பா கல் மாடத்தில் வழிந்து, கீழே இருந்த பழைய தேக்கு மேஜையில் சொட்டி, நாற்காலியில் மடித்து வைத்திருந்த மாமியாரின் வெள்ளைக் காட்டன் புடவையிலும் (பச்சைக் கரை போட்டது) விழுந்தது. நான் அவசரப்பட்டு நியூஸ்பேப்பர் வைத்து இஸ்திரி போட்டுவிட்டேன். மெழுகு வந்தது, ஆனால் ஒரு ரூபாய் அளவு இருந்த சிவப்பு உள்ளங்கை அகலத்துக்குப் பரவிவிட்டது. இரண்டு தடவை சோப்பு போட்டும் அப்படியே நிற்கிறது. மாமனார் கடைசியாக வாங்கிக் கொடுத்த புடவை அது. மாமி ஒரு வார்த்தை சொல்லவில்லை, மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டார். எப்படியாவது எடுத்துக் கொடுக்க வேண்டும், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வில்லியனூர்_அக்கா:
கவலைப்படாதீங்க தங்கச்சி, காட்டன் என்பதால் வழி இருக்கிறது. மாதா கோயில் தேர் பார்த்துவிட்டு வந்தால் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் சட்டையில் மெழுகு இல்லாமல் இருக்காது, அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன். முதலில் கறை மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். துணி உறிஞ்சாமல் முத்து மாதிரி உருண்டு நின்றால் உள்ளே இன்னும் மெழுகு இருக்கிறது. அது போகிற வரை எந்தச் சோப்பும் சாயத்தைத் தொடாது. மேலும் கீழும் வெள்ளை டிஷ்யூ வைத்து, மிதமான சூட்டில், தேய்க்காமல் அழுத்தி அழுத்தி எடுங்கள், ஒவ்வொரு தடவையும் புது டிஷ்யூ. நியூஸ்பேப்பர் வேண்டாம், அதன் மையும் ஒட்டும். அடுத்த தடவை மெழுகு விழுந்தால் முதல் வேலையாக ஐஸ் வைத்து இறுக வைத்து, ஸ்பூன் விளிம்பால் பெயர்த்துவிடுங்கள். சூடு காட்டுவது அதற்கு அப்புறம்தான்.

குயிலாப்பாளையம்_பட்டறை:
மெழுகுவர்த்தி வார்ப்பதுதான் என் தொழில். நாங்கள் போடுகிற சாயம் மெழுகிலும் எண்ணெயிலும் கரைவது, தண்ணீரில் கரையாது. அதனால்தான் எத்தனை முறை அலசினாலும் நிற்கிறது. பாரஃபின் பெரும்பாலும் 50 முதல் 65 டிகிரிக்குள் உருகிவிடும், இஸ்திரிப் பெட்டிச் சூடு அதைவிட மிக அதிகம், உருகிய மெழுகு எங்கே ஓடுகிறதோ சாயமும் கூடவே ஓடும். உங்கள் புடவையில் நடந்தது அதுதான்.

மெழுகு போன பிறகு மெடிக்கலில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் வாங்கிக்கொள்ளுங்கள். பச்சைக் கரை சாயம் விடுகிறதா என்று உள்முனையில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்த பிறகே ஆரம்பியுங்கள். கறைக்கு அடியில் நாலாக மடித்த பழைய வேட்டித் துணி வைத்து, ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் வெளி ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றுங்கள். தேய்த்தால் வட்டம் இன்னும் பெரிதாகும். அடித்துணியில் ரோஸ் நிறம் இறங்குவது கண்ணுக்குத் தெரியும், உடனே இடம் மாற்றி வையுங்கள். அடுப்பு, விளக்கு பக்கத்தில் மட்டும் செய்யாதீர்கள், ஸ்பிரிட் குப்பென்று பிடிக்கும். கடைசியில் பாத்திரம் விளக்கும் லிக்விட் போட்டு வெந்நீரில் அலசி வெயிலில் காயப் போடுங்கள். எங்கள் சாயம் நிறைய வெயிலில் வெளுக்கும், அதனால்தான் சரக்கையே நிழலில் அடுக்குகிறோம். பட்டுப் புடவை என்றால் இதெல்லாம் வேண்டாம், டிரை வாஷுக்குக் கொடுத்துவிடுங்கள்.

மஞ்சக்குப்பம்_பாலிஷ்:
ஸ்பிரிட் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே மேஜைக்குப் போய்விடாதீர்கள்! அதைச் சொல்லத்தான் வந்தேன். பழைய தேக்குச் சாமான் பெரும்பாலும் அரக்கு பாலிஷ் போட்டது. அரக்கே ஸ்பிரிட்டில்தான் கரையும், துடைத்த இடம் பிசுபிசுத்து, வெளுத்து, தனியாகத் தெரியும். கடலூரில் ஒரு வீட்டில் சாப்பாட்டு மேஜை முழுவதையும் இப்படிக் கெடுத்துவிட்டுக் கூப்பிட்டார்கள், மொத்தமாகச் சுரண்டித் திரும்பப் பாலிஷ் ஏற்ற வேண்டியதாயிற்று. மேஜைக்கு அடியில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள், ஒட்டினால் அரக்குதான். அப்படியானால் பாலித்தீன் பையில் ஐஸ் போட்டு வைத்து, பிளாஸ்டிக் ஸ்கேலால் மெழுகைப் பெயர்த்துவிட்டு, மிச்சத்தை டர்பன்டைன் தொட்ட துணியால் லேசாகத் துடைத்தால் போதும். மரத்தின் ரேகைக்குள் சிவப்பு இறங்கியிருந்தால் நீங்களாக எதுவும் செய்ய வேண்டாம், ஒரு ஆசாரியைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

வில்லியனூர்_அக்கா:
கடப்பா கல்லை யாரும் சொல்லவில்லையே. எலுமிச்சை, வினிகர் வைக்கவே கூடாது, அது சுண்ணாம்புக் கல், புளிப்பு பட்டால் கறுப்பு போய் வெளிறிவிடும். மெழுகைச் சுரண்டிய பிறகு சமையல் சோடாவை ஸ்பிரிட்டில் குழைத்து தோசை மாவு பதத்தில் அப்பி, மேலே பாலித்தீன் மூடி ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் பிரித்துக் காயவிட்டு உதறினால் சாயம் சோடாவுக்கு ஏறியிருக்கும்.

முத்தியால்பேட்டை_மருமகள்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மேஜைக்கு அடியில் ஸ்பிரிட் வைத்துப் பார்த்தேன், பாலிஷ் அண்ணா சொன்ன மாதிரியே விரல் ஒட்டியது. நல்லவேளை. ஐஸிலேயே முழுதாக வந்துவிட்டது. கல்லுக்கு இரண்டு ராத்திரி ஆனது. புடவையில் தண்ணீர் முத்து நிற்காமல் போகவே ஐந்து டிஷ்யூ, அப்புறம் மூன்று தடவை ஸ்பிரிட். இப்போது வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் மட்டும் லேசான ரோஸ். மொட்டைமாடியில் காய்கிறது. மாமி மேலே வந்து தொட்டுப் பார்த்தார், "நாளைக்கும் ஒரு வெயில் காட்டு, பொங்கலுக்குக் கட்டிக்கறேன்" என்றார்.