சிப் மெசேஜில் தமிழ் பாதியில் வெட்டுப்படுது, ஹெடரைப் பிறகு வாசித்தால் குப்பை வருது

கனகராயன்:
கிளிநொச்சிப் பக்கம் கமக்கார அமைப்புகளுக்கு வாய்க்கால் தண்ணி திறக்கிற நேரத்தை அறிவிக்கிற அன்ரொயிட் செயலி. தொலைபேசிக் கோலும் எழுத்து அறிவித்தலும் ஒரே சிப் (கோல், மெசேஜ் கொண்டுபோற இணைய நெறிமுறை) சேர்வரால போகுது. கீழ பிஜேசிப் எண்ட, சி மொழியில எழுதின சிப் நூலகம், மேல ஜாவா, இடையில ரெண்டையும் இணைக்கிற ஜேஎன்ஐ. மூண்டு சிக்கல் இருக்கு.

மெசேஜின்ர பொடியில, அதாவது உள்ளடக்கத்தில, "இரணைமடு" எண்டு அனுப்பினால் மற்றப் பக்கம் "இர" வருது, பிறகு கறுப்பு வைரத்துக்குள்ள ஒரு கேள்விக்குறி. ஆங்கிலம் எண்டால் முழுசா வருது. பொடியின்ர நீளத்தைச் சொல்லுற ஹெடர் (மெசேஜின்ர தலைப்பு வரி) கண்டென்ட்-லெங்த் 7 எண்டு நிக்குது. 21 எண்டு நானே இன்னொரு ஹெடர் சேர்த்துப் பார்த்தன். அதுக்குப் பிறகு டிசிபியில அடுத்த மெசேஜே வருகுதில்லை.

அடுத்தது, வாற மெசேஜில வாய்க்கால் இலக்கத்துக்கு எங்கட ஹெடர் ஒண்டு இருக்கு. அதை லொக்கில அடிச்சால் பெறுமதியோட சேர்ந்து மிச்ச மெசேஜ் முழுக்க வருது. பொயின்ரரை வைச்சிருந்து பிறகு வாசித்தால் வேற ஆற்றையோ மெசேஜ்.

கடைசியா, ஐஞ்சு பேருக்குமான மெசேஜ் தரவை முதலே ஆயத்தப்படுத்தி, ஒரே ஹெடரை ஐஞ்சிலயும் சேர்த்துப் போட்டு அனுப்ப வெளிக்கிட்டால் செயலி விழுது. ஒவ்வொண்டாச் சேர்த்து ஒவ்வொண்டா அனுப்பினால் விழுகிறதில்லை. ஏன்?

பாலியாறு:
முதலாவதுக்கு விடை உங்கட 7க்குள்ளயே கிடக்கு. "இரணைமடு" கண்ணுக்கு 5 எழுத்து. யூனிகோட்டில 7 குறி: இ, ர, ண, ஐகாரக் குறி, ம, ட, உகரக் குறி. யூனிகோட்டை பைட்டா எழுதுற யூடிஎஃப்-8இல தமிழ்க் குறி ஒவ்வொண்டும் 3 பைட், ஆக 21. கண்டென்ட்-லெங்த் எண்ணுறது பைட்டைத்தான். நீங்கள் குடுத்த 7 பைட்டில "இ" 3, "ர" 3, மிச்சம் "ண"வின்ர முதல் பைட் மட்டும். அதின்ர பெறுமதி 224, அதாவது "எனக்குப் பின்னால இன்னும் 2 பைட் வருது" எண்ட அறிவித்தல். வராததாலதான் வைரம்.

ஜேஎன்ஐ பகுதியில கெட்ஸ்ட்ரிங்லெங்த் எண்டு கூப்பிட்டிருப்பீங்கள். அது 7 தரும். கெட்ஸ்ட்ரிங்யூடிஎஃப்லெங்த் 21 தரும். ஆனால் அதிலயும் நிக்காதேங்கோ. ஜேஎன்ஐ தாறது மாற்றியமைச்ச யூடிஎஃப்-8. தமிழுக்கு வித்தியாசம் இல்லை, ஆரும் ஒரு இமோஜி போட்டால் 4 பைட்டுக்குப் பதிலா 6 பைட் வரும், மற்றப் பக்கம் விளங்காது. ஜாவாவிலயே கெட்பைட்ஸுக்கு யூடிஎஃப்-8 எண்டு சொல்லி பைட் அணியாக்கி, அந்த அணியையும் அதின்ர நீளத்தையும் கீழ அனுப்புங்கோ.

நீங்கள் சேர்த்த 21ஐ உடனே எடுங்கோ. பொடியை எழுதி முடிய பிஜேசிப் தானே அளந்து கண்டென்ட்-லெங்த்தைப் போடும். உங்கட ஹெடர் அதுக்கு முன்னால நிக்கும், பொடி இன்னும் 7 பைட்தான். முதல் வாற எண்ணை நம்புற பார்சர் (மெசேஜைப் பிரிச்சு வாசிக்கிற பகுதி) மிச்ச 14 பைட்டுக்குக் காத்திருந்து, அடுத்த மெசேஜின்ர தலையைக் கடிக்கும். கணக்குப் பாருங்கோ: "மெசேஜ்" எண்ட ஆங்கிலச் சொல் 7, இடைவெளி 1, "சிப்" 3, முக்காற்புள்ளி 1. அதோட முகவரியின்ர முதல் 2 எழுத்து. தலையில்லாத மிச்சத்தை ஆர் விளங்கிறது?

ஒவ்வொரு மெசேஜும் தனிப் பக்கெட்டாப் போற யூடிபியில இந்தக் கூத்து வேற மாதிரி. நீளம் குறைச்சுச் சொன்னால் மிஞ்சினதை எறிஞ்சுபோடும். கூட்டிச் சொன்னால் 400 (கோரிக்கை பிழை எண்ட பதில்) வரும்.

முறிகண்டிச்சந்தி:
மற்ற இரண்டும் நினைவக விசயம். பிஜேசிப்பின் எழுத்துச்சரத்தில் பொயின்ரரும் நீளமும் மட்டுமே உண்டு, முடிவில் பூச்சியம் கிடையாது. பார்சர் ஹெடரின் பெறுமதியைப் பிரதியெடுப்பதில்லை. வந்த பக்கெட்டுக்குள்ளேயே விரலை வைத்து "இங்கிருந்து இத்தனை பைட்" என்று காட்டுகிறது. அதனால்தான் வெறும் சதவீதம்-எஸ் போட்டு அச்சடித்தால் மிச்ச மெசேஜும் ஒழுகுகிறது. சதவீதத்துக்கும் எஸ்ஸுக்கும் நடுவில் புள்ளி, நட்சத்திரம் போட்டு, நீளத்தை இன்ட்டாக மாற்றி முன்னால் கொடுக்கவும்.

கோல்பேக் (மெசேஜ் வந்ததும் நூலகம் கூப்பிடுகிற உங்கள் ஃபங்ஷன்) முடிந்ததும் அந்த இடம் அடுத்த பக்கெட்டுக்குப் போய்விடும். வைத்திருக்க வேண்டுமானால் உங்கள் சொந்தப் பூலுக்குள் (பிஜேசிப் மொத்தமாக ஒதுக்கித் தருகிற நினைவகம்) ஹெடர் குளோன் செய்யுங்கள். பெறுமதி மட்டும் போதுமென்றால் ஸ்டிரிங் டூப், அதிலும் பூச்சியத்தோடு பிரதியெடுக்கிற வகை. பூலில் தனித்தனியாக விடுவிக்க முடியாது என்பதால், செயலி முழுக்க வாழும் பூலுக்குள் ஒவ்வொரு மெசேஜையும் குளோன் செய்யாதீர்கள். இரண்டு நாளில் நினைவகம் வீங்கிவிடும்.

ஐந்து பேர் சிக்கல்: ஹெடர் என்பது சங்கிலியின் ஒரு கண்ணி. முன்னும் பின்னும் காட்டுகிற இரண்டு பொயின்ரர்கள் அதற்குள்ளேயே இருக்கின்றன. ஐந்தாவது பட்டியலில் கோர்த்ததும் அது ஐந்தாவதுக்கு உரியதாகிவிடும். முதலாவது பட்டியலில் நடந்து போனால் அந்தக் கண்ணியால் ஐந்தாவதின் தலைக்குத் தாவும். அந்தத் தலை ஒரு ஹெடரே இல்லை, அதில் கூப்பிட ஃபங்ஷன் எதுவும் கிடையாது, விழுகிறது. ஒவ்வொன்றாகச் சேர்த்து அனுப்பும்போது முந்தினது போய்விட்டதால் தப்புகிறீர்கள். ஒரே ஹெடர்தான் என்றால் மெசேஜ் தரவு ஒன்று போதும், அதையே ஐந்து தரமும் கொடுங்கள். அனுப்பும்போது நூலகமே உள்ளிருக்கும் ஹெடர்களைக் குளோன் செய்துகொள்ளும்.

கனகராயன்:
பைட் கணக்கு அப்பிடியே சரி அண்ணை, முழுசா வருது. ஐஞ்சும் சரி. இன்னொண்டு: போற மெசேஜ் எல்லாத்திலயும் ஒரு ஹெடர் சேர்க்க மொடியூல் ஒண்டு எழுதினன். ஃபங்ஷன் கூப்பிடுபடுது, லொக்கில தெரியுது, வலையில போற பக்கெட்டைக் காட்டுற வயர்ஷார்க்கில ஹெடர் இல்லை.

முறிகண்டிச்சந்தி:
முன்னுரிமை எண் எத்தனை? மெசேஜ் லொக் செய்கிற உதாரணத்தைப் பார்த்து எழுதியிருந்தால் 7 ஆக இருக்கும். மெசேஜை வலையில் அனுப்புகிற டிரான்ஸ்போர்ட் அடுக்கு 8. போகிற மெசேஜுக்குப் பெரிய எண் முதலில், சிறியது கடைசியில். 8இல் மெசேஜ் பஃபருக்குள் எழுதப்பட்டுவிடும். 7இல் நீங்கள் திருத்துவது போன பஸ்ஸுக்குக் கை காட்டுவது. 32 போடுங்கள். யூடிபி மறுஅனுப்பலிலும் உங்கள் ஃபங்ஷன் கூப்பிடப்படும், ஆகவே சேர்க்க முதல் அந்தப் பெயரில் ஹெடர் இருக்கிறதா என்று தேடவும். ஏற்கெனவே எழுதப்பட்ட மெசேஜைத் திருத்தியே ஆகவேண்டுமென்றால், திருத்திய பின் இன்வலிடேற் ஃபங்ஷனைக் கூப்பிட வேண்டும். இல்லாவிட்டால் பழைய பஃபரே திரும்பப் போகும்.

மண்டலாறு:
தம்பி, ஹெடரின்ர பெயரைத் தமிழில வைச்சிடாதேங்கோ, பெயருக்கு ஆஸ்கி மட்டும்தான். பெயருக்கு முன்னால எக்ஸ் போடுற பழக்கத்தையும் 2012இலேயே ஆர்எஃப்சி 6648 எண்ட இணைய நெறிமுறை ஆவணம் விடச் சொல்லிப் போட்டுது. ஃப்ரம் ஹெடரில ஆளின்ர பெயர் தமிழ் எண்டால் இரட்டை மேற்கோளுக்குள்ள கட்டாயம். மேற்கோள் இல்லாமல் சில சேர்வர் விடும், சில சேர்வர் 400 அடிக்கும்.

அளவையும் பாருங்கோ. மெசேஜ் முறைக்கு ஆர்எஃப்சி 3428 வைச்ச எல்லை 1300 பைட். ஹெடருக்கு ஒரு 500 போனால் மிஞ்சிற 800இல தமிழ் 266 குறிதான், இடைவெளிக்கு மட்டும் 1 பைட். உருத்திரபுரம், பரந்தன் எண்டு ஊர் ஊரா நேரம் எழுதினால் கெதியா நிரம்பும். "கொ" சேர்த்து எழுதினால் 6 பைட், கொம்பும் காலும் பிரிஞ்சு வந்தால் 9. அனுப்ப முதல் என்எஃப்சிக்கு (யூனிகோட்டின்ர சேர்த்தெழுதுற வடிவம்) மாத்துங்கோ. பெரிசெண்டால் டிசிபி.

சில 4ஜி ரவுட்டர்களில, கடந்துபோற சிப் மெசேஜைத் திருத்துற சிப் ஏஎல்ஜி எண்டு ஒண்டு இருக்கு. அது கோலின்ர எஸ்டிபிக்குள்ள (ஒலி எந்த முகவரிக்குப் போகவேணும் எண்டு சொல்லுற பொடி) உள்ளக முகவரியை வெளி முகவரியா மாத்தும், கண்டென்ட்-லெங்த்தை மாத்த மறந்துபோகும். உங்கட கோடில பிழை தேடி இரா முழுக்க இருக்க வேண்டி வரும். அதை நிப்பாட்டுங்கோ, ஏலாட்டி மறைகுறியாக்கி அனுப்புற டிஎல்எஸ், போர்ட் 5061.