மூளையில் பதிக்கும் கருவி: சோதனை முடிந்தபின் பொறுப்பு யாருடையது?

திருமாறன்:
மூளையின் மின்துடிப்புகளைக் கணினியோடு இணைக்கும் மூளை–கணினி இடைமுக ஆய்வுகளில் பாதுகாப்பு என்றதும் கிருமித்தொற்று வந்ததா, இரத்தக்கசிவு ஏற்பட்டதா என்பதோடு நம் கேள்விகள் நின்றுவிடுகின்றன. என் கவலை அதற்குப் பிந்தைய ஆண்டுகளைப் பற்றியது. அமெரிக்காவின் செகண்ட் சைட் நிறுவனம் உருவாக்கிய ஆர்கஸ் 2 என்னும் விழித்திரைக் கருவியைப் பார்வையிழந்தோர் 350-க்கும் மேற்பட்டோர் பொருத்திக்கொண்டனர். 2020-இல் அந்நிறுவனம் பணமின்றித் தள்ளாடி, பெரும்பாலான ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியபோது, கருவி பழுதானால் யாரிடம் போவது என்றே தெரியாமல் அவர்கள் தவித்தார்கள். நியூயார்க் சுரங்க ரயில் நிலையத்தில் வண்டி மாறிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் கருவியோ, மூன்று முறை ‘பீப்’ என ஒலித்துவிட்டு அணைந்தே போனது. ஆயுள்காலப் பராமரிப்புக்கென வைப்புநிதி காட்டாத எவருக்கும் மூளைக்குள் எதையும் பதிக்க அனுமதி தரலாகாது.

நரம்பியல் மாணவி:
சுரங்க ரயில் நிகழ்வு 2013-இல் நடந்தது. அப்போது நிறுவனம் நன்றாகவே இயங்கிக்கொண்டிருந்தது. பழுதையும் கைவிடலையும் ஒரே கணக்கில் எழுதாதீர்கள். தசைகளை இயக்கும் நரம்பணுக்களைச் சிதைக்கும் ஏ.எல்.எஸ். நோயால் பேச்சு குழறிப்போன ஒருவருக்குக் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகக் குழு 256 மின்முனைகளைப் பதித்தது; பேச முயலும்போது மூளையில் எழும் மின்துடிப்புகளைக் கணினி சொற்களாக்கி, நோய்க்கு முந்தைய அவருடைய குரலின் சாயலிலேயே ஒலித்தது. 1,25,000 சொற்கள் கொண்ட தொகுதியிலிருந்து 97 விழுக்காட்டுத் துல்லியம் கிடைத்ததாக 2024-இல் வெளியிட்டார்கள். தாங்கள் கேட்கும் வைப்புநிதியைப் பெரும்பணக்காரர்களின் நிறுவனங்கள் கட்டிவிடும். பல்கலைக்கழகங்கள்தாம் கடையை மூட வேண்டியிருக்கும்.

திருமாறன்:
ஆண்டு எதுவானாலும், செயலிழந்த கருவியை அகற்றுவதா, உள்ளேயே விடுவதா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. அந்தப் பெண்ணின் கண்ணில் அது அப்படியே விடப்பட்டது. அகற்றும் செலவையாவது முன்கூட்டியே உறுதி செய்யலாமே?

அறுவையரங்கு:
அகற்றுவது எல்லாக் கருவிகளுக்கும் பொருந்தாது. சிங்க்ரான் நிறுவனத்தின் ஸ்டென்ட்ரோடு, மூளையின் இரத்தக்குழாய்க்குள் அமர்ந்து மின்துடிப்புகளைப் படிக்கும் கருவி; அது கழுத்துச் சிரை வழியாகச் செலுத்தப்படுவதால் மண்டையோட்டைத் திறக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் 6 பேரிடம் நடந்த ஓராண்டுச் சோதனையில் கருவியால் மரணமோ நிரந்தர ஊனமோ நேரவில்லை. ஆனால் அது நாளடைவில் சிரைச்சுவரோடு ஒட்டி வளர்ந்துவிடும், எடுப்பதற்கென வடிவமைக்கப்பட்டதன்று. மூளைத் திசுவுக்குள் செருகும் நியூராலிங்க் நிறுவனத்தின் முடியினும் மெல்லிய இழைகளோ, 2024-இல் முதல் நோயாளியிடம் சில வாரங்களிலேயே பெரும்பாலும் நழுவி வெளிவந்துவிட்டன. உள்ளே செலுத்த எளிதானதை வெளியே எடுக்க முடிவதில்லை. நோயாளியிடம் ஒப்புதல் கேட்கும்போது இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

நரம்பியல் மாணவி:
அகற்றியதே தீங்காக முடிந்ததும் உண்டு. வலிப்பு வருமுன் எச்சரிக்கும் கருவியை ஆஸ்திரேலியாவில் சோதித்த நியூரோவிஸ்டா நிறுவனத்தின் நிதி தீர்ந்துபோனது. ஒரு பெண் வீட்டை அடகு வைத்தாவது கருவியைத் தாமே வாங்கிக்கொள்ள முன்வந்தார். இருந்தும் அது அகற்றப்பட்டது.

திருமாறன்:
அவருக்கு வேண்டியிருந்தது பராமரிப்பு நிதிதானே? தனித்தனி ஆய்வகங்களால் கட்ட இயலாது என்பது சரி. மானியம் தரும் அரசு அமைப்புகள் பொதுநிதியாகத் திரட்டட்டும். நிதி இல்லாத சோதனைக்கு அனுமதி கூடாது என்பதில் மாற்றமில்லை.