புதுப்பிப்பு: இரண்டு படகுகளில் எதை வாங்கினேன்

பதினாறடி நீளமுள்ள இரண்டு பழைய ஃபைபர் மோட்டார் படகுகளில் எதை வாங்கலாம் என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். ஒன்று காவேரிப்பட்டணத்தில் ஒரு கொட்டகையில் நின்றது, மற்றொன்று புதுச்சேரியில் கடலில் ஓடியது. கடல் உப்பு எஞ்சினின் குளிரூட்டும் பாதைகளை அரித்திருக்கும் என்று பலரும் எச்சரித்ததால், என் மனம் உள்ளூரான காவேரிப்பட்டணத்துப் படகின் பக்கமே சாய்ந்திருந்தது.

ஆனால், அந்தப் படகில் எஞ்சின் மாட்டும் பின்பலகையை ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தட்டியபோது, கணீரென்று ஒலிக்க வேண்டிய இடம் மொத்தென்றது. ஒரு போல்ட்டைக் கழற்றியதும் துளையிலிருந்து பழுப்பு நிறத்தில் நீர் கசிந்தது. உள்ளிருக்கும் பிளைவுட் ஊறி உளுத்துவிட்டால் ஃபைபரைப் பிரித்துப் பலகையையே மாற்ற வேண்டும். விலையில் கிடைக்கும் லாபம் அந்தச் செலவிலேயே கரைந்துவிடும்.

புதுச்சேரிப் படகில் தட்டிய இடமெல்லாம் ஒரே கணீர் ஒலி. இரு சிலிண்டர்களிலும் கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் உள்ளே உண்டாக்கும் அழுத்தம், 118, 115 பிஎஸ்ஐ என்று நெருக்கமாக இருந்தது; எஞ்சின் உள்ளே சீராக இருப்பதற்கு அது நல்ல அடையாளம். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் எஞ்சினுக்குள் நன்னீர் விட்டுக் கழுவியிருக்கிறார்கள். அதையே வாங்கினேன். கிருஷ்ணகிரி அணையில் இறக்க அனுமதி கேட்டிருக்கிறேன். அதுவரை படகு டிரெய்லரிலேயே, தார்ப்பாய்க்கடியில் நிற்கும்.