ஊட்டிக் குளிரில் பிவிசி உருளைக்கிழங்கு பீரங்கி: வெடிக்குமா?

முகப்பேர் அப்பா:
வணக்கம். என் பையன் ஒன்பதாவது படிக்கிறான். பிளம்பிங் வேலை முடிந்து மொட்டை மாடியில் கிடந்த பிவிசி குழாய்த் துண்டுகளை ஒட்டி, அவனும் என் அக்கா மகனும் உருளைக்கிழங்கு சுடும் பீரங்கி செய்திருக்கிறார்கள். பம்பால் காற்று அடித்து வால்வைத் திறந்தால் கிழங்கு பறக்கிறது. பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் ஒன்று போய் மோதிய பிறகுதான் எனக்கே விஷயம் தெரியும்.

பொங்கல் லீவில் ஊட்டி போகிறோம். அங்கே சித்தப்பா வீட்டுக்குப் பின்னால் திறந்த வெளி இருக்கிறது, அங்கே சுடலாம் என்று இருவரும் அடம்பிடிக்கிறார்கள். ஜனவரி விடியற்காலையில் அங்கே புல்லில் உறைபனி படியும். குளிரில் பிவிசி நொறுங்கும் என்று யாரோ சொன்னார்கள். பையனோ, "குளிரில் காற்று சுருங்கும், பிரஷர் குறையும், அதனால் இன்னும் சேஃப்" என்கிறான். குழாயில் அழுத்தம் 6 கிலோ (சதுர சென்டிமீட்டருக்கு) என்று அச்சிட்டிருக்கிறது, பம்ப் மீட்டரில் 3 கிலோதான் ஏற்றுகிறார்கள். பாதிதானே, போதாதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வில்லிவாக்கம் பிளம்பர்:
சார், முதலில் அதில் காற்று ஏற்றி வைத்திருந்தால் யாரும் எதிரில் இல்லாமல் இறக்கிவிடச் சொல்லுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

இருபது வருடமாகக் குழாய் வேலை செய்கிறேன். அந்த 6 கிலோ தண்ணீருக்குப் போட்ட கணக்கு. ஐஎஸ் 4985 என்ற இந்தியத் தரக் குறி போட்ட குழாய் என்றால் குடிநீர்க் குழாய், அந்த அழுத்தமும் 27 டிகிரியில் சொன்னது. காற்றுக்கு அது செல்லாது. தண்ணீர் லைனில் குழாய் வெடித்தால் பீய்ச்சும், நாம் நனைவோம், அவ்வளவுதான். தண்ணீர் அமுங்காது, அதனால் விரிசல் விட்டதும் பிரஷர் உடனே செத்துவிடும். காற்று அமுங்கி உட்கார்ந்திருக்கும். விரிசல் விட்டாலும் முழுக்க விரிந்து முடிகிறவரை தள்ளிக்கொண்டே இருக்கும்.

ஊட்டியில் ஒரு டிசம்பரில் வேலை செய்தேன். காலையில் குழாயை அறுக்கும்போது முனை ஓடு மாதிரி தெறித்தது. இங்கே அதே பிளேடில் வெண்ணெயாகப் போகும். கீழே போட்டால் சென்னையில் சின்னக் கீறல் விழும், அங்கே துண்டு பெயரும். ஒட்டும் சொல்யூஷனும் குளிரில் மெதுவாகத்தான் இறுகும். அதனால் அங்கே போய் ரிப்பேர் பார்த்து உடனே சுடுவது இன்னும் மோசம்.

பழைய மெக்கானிக்கல் ஆசிரியர்:
மேலே சொன்னதற்கு ஒரு கணக்கு தருகிறேன். ஒரு லிட்டர் காற்றை மீட்டரில் 3 கிலோ வரை ஏற்றினால் உள்ளே சுமார் 250 ஜூல் தங்குகிறது. 25 கிலோ அரிசி மூட்டையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து காலில் போட்டால் வரும் சக்தி அது. ஒரு லிட்டர் தண்ணீரில் அதே அழுத்தத்துக்குத் தங்குவது அதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. பையன்களின் குழாய் இரண்டு லிட்டர் பிடித்தால் இரண்டு மூட்டை.

பையன் சொன்ன சுருக்கம் உண்மைதான். 30 டிகிரியில் அடைத்த காற்று 5 டிகிரிக்கு வந்தால் அழுத்தம் எட்டு சதவீதம் இறங்கும். ஆனால் அவன் ஊட்டியில் நின்று மீட்டரைப் பார்த்து மறுபடி 3 வரைதானே அடிக்கப்போகிறான்? குளிர் காற்றைக் குறைத்தது போச்சு, குழாயைக் கெடுத்தது மட்டும் மிச்சம்.

பிவிசி சுமார் 80 டிகிரிக்கு மேல்தான் இளகும். அதாவது நம் அறை வெப்பத்திலேயே அது கண்ணாடி போல் விறைத்த நிலையில் இருக்கிற பொருள். பூஜ்யத்தை நெருங்கும்போது அடி தாங்கும் திறன் இன்னும் குறையும். வீங்கியோ வளைந்தோ முன்கூட்டிச் சொல்லாமல் நேராகச் சிதறும். ஆனால் இதைப் படித்துவிட்டு "சென்னையில் குளிர் இல்லையே" என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நுங்கம்பாக்கத்தில் 1905 ஜனவரியில் பதிவான 13.9 டிகிரிதான் இந்த ஊர் கண்ட பெருங்குளிர். நம் ஊரில் வேறு எமன் இருக்கிறான், வெயில். மொட்டை மாடியில் மாதக்கணக்கில் காய்ந்த குழாய் மேல்தோல் வெளிறி, மொறமொறவென்று ஆகிவிடும். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு அமைப்பு 1988-லேயே தரைக்கு மேல் போகும் காற்று லைனுக்கு பிவிசி வேண்டாம் என்று எச்சரித்தது. எந்தப் பருவத்துக்கும் அது பொருந்தும்.

முகப்பேர் அப்பா:
ஐயா, அண்ணா, இருவருக்கும் நன்றி. இன்னொன்று. பம்ப் கனமாக இருக்கிறதாம், ஊட்டியில் காற்றுக்குப் பதில் ஸ்பிரே அடித்துப் பற்ற வைக்கலாம் என்று அக்கா மகன் சொல்கிறான். அது?

கண் ஆஸ்பத்திரி நர்ஸ்:
அண்ணா, தயவுசெய்து விடாதீர்கள். ஸ்பிரே டப்பாவில் தள்ளும் வாயு பெரும்பாலும் பியூட்டேன் கலந்தது. அது கொதிப்பதே பூஜ்யத்தின் பக்கத்தில்தான், குளிரில் சரியாக ஆவியாகாது. பற்ற வைத்தால் பற்றாது. பிள்ளை என்ன செய்வான்? இன்னும் கொஞ்சம் அடிப்பான், அப்புறம் "என்ன ஆச்சு" என்று குழாய் வாயில் கண்ணை வைத்துப் பார்ப்பான். அந்த நொடியில்தான் பற்றும். 2025 தீபாவளிக்கு மத்தியப் பிரதேசத்தில் கார்பைடு துப்பாக்கியால் (கார்பைடு கல்லில் தண்ணீர் பட்டு வரும் வாயுவைப் பற்ற வைத்து வெடிப்பது) நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கண் காயத்தோடு வந்தார்கள், நிறையப் பேர் சின்னப் பிள்ளைகள். சிலருக்குப் பார்வை போனது. அதுவும் இதே பிவிசி குழாய்தான். கருவிழி வெந்த பிள்ளை கண்ணைத் திறக்கவே பயப்படும், இமையைப் பிடித்துத்தான் மருந்து விடுவோம். எனக்கு அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை.

முகப்பேர் அப்பா:
நேற்று இரவு பீரங்கியை இறக்கிக் கொண்டுவந்து டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்தோம். போன வாரம் கைப்பிடிச் சுவரிலிருந்து விழுந்ததாம், என்னிடம் சொல்லவில்லை. வளைவு ஒட்டிய இடத்தில் தலைமுடி கனத்தில் வெள்ளைக் கோடு ஒன்று, நகம் வைத்தால் தட்டுப்பட்டது. அதைத் தடவிப் பார்த்தபின் பையன் பேசவில்லை. நானே கேட்காமல், ஹாக்ஸா பிளேடை அவனே எடுத்துவந்தான். நாலு துண்டாக அறுத்தோம். திட்டவில்லை. செய்த வேலை நல்ல வேலை, பொருள்தான் தப்பு என்று சொன்னேன்.

ஆனால் கிழங்கு பறக்க வேண்டுமாம். என்ன செய்யலாம்?

பழைய மெக்கானிக்கல் ஆசிரியர்:
கவண் கட்டுங்கள். ஒரு மூங்கில் கழி, நடுவில் அச்சு, குட்டைப் பக்கம் மணல் பை, நீளப் பக்கம் கயிற்றில் தொங்கும் துணி. சக்தி முழுக்கத் தொங்கும் மணலில் கண்ணுக்குத் தெரியும், உள்ளே எதுவும் அடைந்திருக்காது, குளிர் அதை ஒன்றும் செய்யாது. அதற்கும் ஆள் இல்லாத வெளி வேண்டும், முன்னாலும் பின்னாலும் யாரும் நிற்கக் கூடாது. தினைப்புனம் காத்தவர்கள் கவண் வீசித்தான் கிளி ஓட்டினார்கள் என்று பையனுக்குச் சொல்லுங்கள். நீளப் பக்கத்தை குட்டைப் பக்கத்தைப் போல் நாலு மடங்கு வைத்து ஆரம்பியுங்கள், மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம்.

வில்லிவாக்கம் பிளம்பர்:
அச்சுக்கு ஜிஐ குழாய்த் துண்டு என்னிடம் இருக்கிறது சார். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், தருகிறேன்.